சீட் கிடைத்த பிறகு

சென்ற கார்த்திகையில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகல், நான் பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரியில், எங்கள் துறை அலுவலக வாசலில் ஒருவர் நனைந்த வேட்டியோடு நின்றிருந்தார். செஞ்சிக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து மூன்று பேருந்து மாறி வந்தவர். என்னைக் கண்டதும் கையிலிருந்த சிறிய பட்டன் போனை நீட்டி, "எம் பொண்ணு எந்த ஆஸ்பத்திரியில இருக்குதுங்க மேடம்?" என்று கேட்டார். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. போனை வாங்கிப் பார்த்தால், அன்று காலை எங்கள் கல்லூரியிலிருந்து போன குறுஞ்செய்தி அதில் இருந்தது. 'யுவர் வார்ட் இஸ் ஆப்சென்ட் டுடே' என்று ஆங்கில எழுத்தில் ஒரே வரி, உங்கள் பிள்ளை இன்று வரவில்லை என்று பொருள். அதை ஊர் மருந்துக் கடையில் காட்டியிருக்கிறார். கடைப் பையன் எழுத்துக் கூட்டிப் படித்ததில் அவர் காதில் தங்கியது 'வார்டு' என்ற சொல் மட்டும்தான். அவருக்குத் தெரிந்த வார்டு அரசு மருத்துவமனையில் இருப்பது. மகளைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அவள் போன் அணைந்திருந்தது. போட்டிருந்த சட்டையோடு கிளம்பிவிட்டார்.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உதவித்தொகைக்காக ஆதார் எண்ணை வங்கிக் கணக்கோடு இணைக்க வேண்டியிருந்ததால் அன்று காலை முழுவதும் அவள் வங்கியில் வரிசையில் நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது அழுகை, அடுத்து வந்தது வெட்கம். யாராவது பார்க்கிறார்களா என்று வராந்தாவின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அவர் கையைப் பிடித்தாள். அந்தத் திரும்பிப் பார்த்தல்தான் என்னை இதை எழுத வைத்திருக்கிறது, ஏனென்றால் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே போல் திரும்பிப் பார்த்தவள்.

அந்தக் குறுஞ்செய்தியை எழுதியவர் யாருக்கும் தீங்கு நினைத்தவர் அல்லர். ஆனால் அதை எழுதும்போது அவர் மனத்தில் ஒரு தகப்பனார் இருந்திருக்கிறார். அந்தத் தகப்பனார் ஆங்கிலம் படிப்பவர், மின்னஞ்சல் முகவரி வைத்திருப்பவர், கல்லூரி என்றால் என்னவென்று அறிந்தவர். கல்லூரியில் எல்லாமே இப்படித்தான் ஒரு குறிப்பிட்ட மாணவரை, ஒரு குறிப்பிட்ட வீட்டை மனத்தில் வைத்து நடக்கிறது. அந்த வீட்டிலிருந்து வருபவருக்கு அது கண்ணுக்கே தெரிவதில்லை. வேறு வீட்டிலிருந்து வருபவர் தன் முதலாண்டுச் சக்தியில் பாதியை, பாடத்தில் இல்லாத, யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கங்களைக் கண்டுபிடிப்பதிலேயே செலவழிக்கிறார். அரசு சீட் கொடுத்துவிடலாம், கட்டணத்தையும் கட்டிவிடலாம். இந்தச் செலவை யாரும் ஈடுகட்டுவதில்லை.

நான் 2007 இல் பொறியியல் சேர்ந்தேன். அந்த ஆண்டு எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமான ஆண்டு. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்கித் தமிழ்நாடு அரசு 2006 இல் இயற்றிய சட்டம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த சேர்க்கை அது. பயிற்சி வகுப்புக்குப் போக வழியில்லாத கிராமத்துப் பிள்ளைகள், பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடப்பட்ட கட்-ஆஃபோடு கலந்தாய்வுக்கு வந்தோம். என் அப்பா, அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் கூட்டத்தில் ஒருவர். எங்கள் குடும்பத்தில், எனக்குத் தெரிந்த வரையில் எங்கள் காலனியிலும், கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசுப் பேருந்தில் எங்கள் இருவருக்கும் பாதிக் கட்டணம் என்று யாரோ சொன்னதால், அந்தக் கடிதத்தை அப்பா நடத்துனர் கேட்பதற்கு முன்பே ஒவ்வொரு முறையும் எடுத்து நீட்டினார். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக் கூடத்தில், எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதமிருக்கிறது என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்க எங்களுக்கு ஒருவரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஓர் ஆசிரியர் தன் மகனுக்குச் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, அதையே நானும் எடுத்தேன். மின்னியல் படிக்க வந்த கதை அவ்வளவுதான்.

முதல் வாரத்திலேயே கணக்கில் இடறினேன். கணிதத்தில் 200க்கு 194 வாங்கியவள் நான். முதல் அலகு 'மேட்ரிசஸ்' என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். அது ஏதோ நான் படித்திராத புதுப் பாடம் என்று நினைத்து, புரியாததையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டேன். 'ரேங்க்' என்றார். எனக்குத் தெரிந்த ரேங்க் வகுப்பில் முதலிடம், இரண்டாமிடம். ஒரு பெட்டிக்குள் அடுக்கிய எண்களுக்கு எதற்கு ரேங்க் என்று விளங்கவில்லை. மூன்றாவது வகுப்பில் அவர் ஒரு கணக்கை முழுதாகப் போட்டு முடித்தபோதுதான், இது நம் அணிகள் அல்லவா, அந்த ரேங்க் என்பது அணியின் தரம் அல்லவா என்று உறைத்தது. பிளஸ் டூ புத்தகத்தின் முதல் பாடம் அது. நேர்மாறு அணியும் சேர்ப்பு அணியும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன். அறிவு என்னிடம் முழுதாக இருந்தது, அதன் பெயர் மட்டும் என்னிடம் இல்லை. ஆனால் அந்த மூன்று வகுப்புகளில் எனக்குக் கணக்கு வராது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்; அந்த முடிவைக் கலைக்க எனக்கு ஓராண்டு பிடித்தது.

ஒரு கையை உயர்த்தி, "தமிழில் இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் என்று இன்று பலர் சொல்கிறார்கள். ஆசிரியர் அறையிலும் அதைக் கேட்கிறேன்: இந்தப் பிள்ளைகள் வாயைத் திறப்பதே இல்லை, கேட்டால் சொல்லிக்கொடுக்க மாட்டோமா என்கிறார்கள். கேள்வி கேட்பது யாருக்கு எளிது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. கேள்வி கேட்டால் தெரியாததைத் தெரிந்துகொள்வான் என்று கருதப்படுபவனுக்கு அது எளிது. கேள்வி கேட்டால், 'கோட்டாவில் வந்தது, அதுதான் இப்படி' என்று கருதப்படுபவளுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பாதுகாப்பு. அந்த மௌனத்தை அக்கறையின்மை என்று படிக்கும் ஆசிரியரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கோட்டா என்ற சொல் நேராக எப்போதாவதுதான் வரும். சுற்றி வளைத்து வருவது தினமும். முதல் நாள் விடுதியில் பெயருக்கு அடுத்த கேள்வி, "கட்-ஆஃப் எவ்வளவு?" நான் சொன்னதும் எதிரில் இருப்பவள் ஒரு நொடி பேசாமல் இருப்பாள். அந்த ஒரு நொடியில் அவள் கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அடுத்து, "எந்த ஊர்?" ஊர்ப் பெயர் சொன்னால், "ஊருக்குள்ளேயேவா?" என்று இன்னொன்று. தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் இந்தக் கேள்விக்கு உரை தேவையில்லை. கேட்டவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர், பின்னாளில் எனக்கு நெருங்கிய தோழியரானவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் புதிதாக வந்தவளை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க அவர்களுக்கு வேறொரு கேள்வி தெரிந்திருக்கவில்லை.

நான் படித்த கல்லூரியில் நடந்த ஒன்றை மட்டும் என்னால் மறக்கவே முடிவதில்லை. முதல் பருவம் நடுவில், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலக உதவியாளர் ஒரு சுற்றறிக்கையோடு வந்தார். ஆசிரியர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "எஸ்சி, எஸ்டி ஸ்டூடன்ட்ஸ் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வாங்கிக்கணும்" என்றார். அறுபது பேர் வகுப்பில் எட்டுப் பேர் எழுந்தோம். நாற்காலிகள் பின்னால் நகரும் ஓசை எனக்கு இன்னும் கேட்கிறது. உதவியாளர் எங்களை விரலால் எண்ணினார். "லிஸ்ட்ல ஒம்போது பேர் இருக்கே?" என்றார். ஒன்பதாவது ஆள் எழவில்லை. எழாதவன் யார் என்று வகுப்பே திரும்பித் தேடியது. அந்த மாணவனுக்கு அந்த ஆண்டு உதவித்தொகை கிடைக்கவில்லை, ஏனென்றால் விண்ணப்பமே கொடுக்கவில்லை. படிப்பு முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு திருமணத்தில் சந்தித்தபோது அவனே அதைச் சொன்னான். விடுதியில் அவனோடு இருந்த மூவரும் அவனைத் தங்கள் ஆள் என்று நினைத்து மிகவும் ஒட்டுதலாகப் பழகியிருக்கிறார்கள். அந்த நட்பு போய்விடுமோ என்ற பயத்தில் உட்கார்ந்தே இருந்திருக்கிறான். பணத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். அம்மாவின் கம்மல் போனது என்றான்.

அரசு கொடுத்த உரிமைத் தொகை அது. அதைப் பெறுவதற்கு ஓர் இளைஞன் அறுபது பேர் முன்னால் தன் சாதியை அறிவிக்க வேண்டும் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. யாரோ ஓர் ஆண்டு அவசரத்தில் செய்ததை மறு ஆண்டு இன்னொருவர் தொடர்ந்திருப்பார். அப்படியே அது வழக்கமாகிவிட்டது. உதவித்தொகை மார்ச் மாதம் வரும், கட்டணத்தை ஜூலையிலேயே கட்ட வேண்டும், கட்டாதவர் பெயர் அறிவிப்புப் பலகையில் தொங்கும், ஹால் டிக்கெட் நிறுத்தப்படும் என்பதும் அதே வரிசையில் சேர்ந்ததுதான். அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார். பட்டியலின, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தைத் தனியார் சுயநிதிக் கல்லூரிகளிலும் அரசே ஏற்கும் என்று 2012 இல் அரசாணை 92 வந்தபோது, நான் படிப்பை முடித்து ஓராண்டு ஆகியிருந்தது, கடன் முடிந்திருக்கவில்லை.

என் அறைத்தோழி திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரி. அவள் அம்மா பீடி சுற்றுபவர். அவளும் சிறு வயதில் இலை வெட்டியவள், கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை. அவளுடைய தமிழ் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். இருந்தும் விடுதியில் அவளிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி, "நீங்க தமிழா, முஸ்லிமா?" என்பதுதான். முதல் சில நாள் பொறுமையாக விளக்கினாள், பிறகு, "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வாள். அந்த ஆண்டு ரமலான் செப்டம்பர் நடுவில், நாங்கள் சேர்ந்து இரண்டு மாதத்துக்குள் வந்துவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு முன் சஹர் உணவை முடித்தாக வேண்டும். எங்கள் மெஸ் திறப்பது ஏழரைக்கு. அறையில் உணவு வைத்திருக்கக் கூடாது என்பது விடுதி விதி. வார்டனிடம் கேட்டதற்கு, ஒருவருக்காக விதியை மாற்ற முடியாது என்றார். முதல் நான்கு நாள் அவள் பிஸ்கட்டும் தண்ணீருமாகவே நோன்பு வைத்தாள். வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் நின்றபடியே தலை சுற்றி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் இரவு, மெஸ்ஸில் தோசை ஊற்றும் அக்கா எங்கள் அறைக் கதவைத் தட்டினார். அவருடைய முந்தானைக்குள் ஒரு ஹாட்பாக்ஸ். நான்கு சப்பாத்தி, கொஞ்சம் உருளைக்கிழங்கு. "காலையில சாப்பிடு கண்ணு, பாக்ஸை மட்டும் யார் கண்ணுலயும் படாம கொண்டாந்து குடுத்துடு" என்றார். பெருநாள் வரை ஓர் இரவு தவறவில்லை. யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை, தெரிந்திருந்தால் வேலை போயிருக்கலாம். அவர் எங்கள் யாருடைய கட்-ஆஃபையும் கேட்டவர் அல்லர். என் தோழி இன்று வளைகுடாவில் நல்ல பணியில் இருக்கிறாள். அந்தக் கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் அவள் வாயில் வருவது அந்த அக்காவின் பெயர்தான், எங்களுக்குப் பாடம் எடுத்த எவருடைய பெயரும் அல்ல. நான்கு சப்பாத்திதானே என்று தோன்றலாம். இந்த இடம் எனக்கும் உரியது என்று ஒரு பெண் நினைப்பதற்கும், இங்கே நான் பொறுத்துக்கொள்ளப்படுகிறேன் என்று நினைப்பதற்கும் நடுவே அந்த ஹாட்பாக்ஸ் இருந்தது.

பெண்கள் விடுதியைப் பற்றி இன்னொன்று. நூலகம் இரவு எட்டு வரை. பெண்கள் விடுதிக் கதவு மாலை ஆறரைக்கு மூடிவிடும். வீட்டில் கணினி உள்ள, சென்னையிலேயே இருக்கும் மாணவியருக்கு இதனால் நட்டமில்லை. எங்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் நூலகமே.

இவை ஒரு கல்லூரியின் சின்னச் சின்னச் சங்கடங்கள் என்று யாராவது நினைக்கக்கூடும். டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று விசாரிக்க அமைக்கப்பட்ட சுகதேவ் தோரட் குழு, நான் கல்லூரியில் சேர்ந்த அதே 2007 இல்தான் அறிக்கை கொடுத்தது. நாட்டின் மிக உயர்ந்த மருத்துவக் கல்லூரியில், விடுதி அறையிலிருந்து செய்முறைத் தேர்வு வரை வேறுபாடு காட்டப்பட்டதை மாணவர்களின் வாய்மொழியாகவே அது பதிவு செய்தது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் இயங்கிய ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரிழந்தார். அதற்கு முன் பல மாதங்களாக அவருக்கு ஆய்வு உதவித்தொகை வரவில்லை. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, நான்கு தோழர்களோடு வளாகத்திலேயே திறந்த வெளியில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார். மும்பையில் பயிற்சி மருத்துவராக இருந்த பழங்குடிப் பெண் பாயல் தத்வி 2019 மே மாதம் இறந்தார். இருவரின் தாய்மாரும், ராதிகா வெமுலாவும் அபேதா தத்வியும், வளாகங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க வலுவான ஏற்பாடு வேண்டும் என்று அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். விதி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2012 இலேயே விதிமுறை வகுத்து, ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையமும், பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்றது. நான் பார்த்த சில கல்லூரிகளில் அந்த அலுவலரின் பெயர் இணையதளத்தில் இருக்கிறது, மாணவரிடம் கேட்டால் அப்படி ஒருவர் இருப்பதே தெரியவில்லை. அந்த இரு தாய்மாரும் தங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்கவில்லை, அந்தப் பிள்ளைகள் இல்லை. என் மாணவர்களுக்காகத்தான் கேட்டார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டின் நிலை பல மாநிலங்களைவிட எவ்வளவோ மேல் என்பதை நான் முழு மனத்தோடு சொல்வேன். 2021-22 ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 18 முதல் 23 வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேர்ந்தவர்களின் விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். 2010-11 முதல், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, கலந்தாய்வு வழியே சேர்ந்தால், கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 இல் மருத்துவத்திலும், 2021 இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அவர்களின் விடுதிச் செலவைக்கூட அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாணவியருக்கும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதல் மாணவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய். எனக்கு அன்று மாதம் 1,000 ரூபாய் வந்திருந்தால் என் கல்லூரி வாழ்க்கை வேறாக இருந்திருக்கும்.

ஆனால் சலுகை வளாகத்துக்குள் நுழைந்ததும் அதற்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிடுகிறது. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் வந்தவர்களை எங்கள் வராந்தாக்களில் 'செவன் பாயிண்ட் ஃபைவ்' என்கிறார்கள். "அவன் செவன் பாயிண்ட் ஃபைவ்டா" என்று ஒரு மாணவன் இன்னொருவனைப் பற்றிச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். ஒரு நீதியை ஒரு வசைச் சொல்லாக மாற்ற எங்கள் பிள்ளைகளுக்கு ஓராண்டுகூடத் தேவைப்படவில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழிலும் ஒரு வருத்தம் எனக்கு உண்டு. என் மாணவன் ஒருவனின் அக்கா அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. முடித்து, வேலையில்லாமல் ஊரில் இருக்கிறார். வீட்டில் ஒரு பட்டதாரி ஏற்கெனவே இருப்பதால் அவனுக்கு அந்தச் சான்றிதழ் இல்லை. பொறியியல் கல்லூரி என்றால் என்னவென்று அந்த அக்காவுக்கும் தெரியாது, கைகாட்ட வேறு ஒருவரும் அந்த வீட்டில் இல்லை. தாளில் அவன் முதல் தலைமுறை அல்லன். வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவன் எல்லா வகையிலும் முதல் தலைமுறைதான். தலைமுறை என்பது தாத்தா, அப்பா, பிள்ளை என்று எண்ண வேண்டியது. அக்காவையும் தம்பியையும் இரண்டு தலைமுறையாக எப்படி எண்ணுவது?

புதிதாகச் சேர்பவர்களுக்கு மூன்று வாரம் அறிமுகப் பயிற்சி என்று, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வகுத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. பெரும்பாலும் அந்த மூன்று வாரமும் வெளியிலிருந்து வரும் பேச்சாளர்களின் ஊக்க உரைகளிலேயே கழிந்துவிடுகிறது. என் முறை வரும்போது நான் வேறு மாதிரி செய்கிறேன். இன்டர்னல் மார்க் எப்படிப் போடுகிறோம், அரியர் விழுந்தால் என்ன ஆகும், இங்கே படிப்பதற்கான போனஃபைடு சான்றிதழ் எந்த மேசையில் யாரிடம் கேட்க வேண்டும், ஆசிரியர் அறைக்குள் எந்த நேரத்தில் தயங்காமல் வரலாம், வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் விடை தெரியாவிட்டால் என்ன சொல்வது, கட்-ஆஃப் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டியதில்லை என்பது வரை தமிழில் சொல்கிறேன். கல்வியறிவுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் சிலர், இதெல்லாம் தெரிந்ததுதானே என்பது போல் பார்ப்பார்கள். பின் வரிசையில் ஒரு பத்துப் பேர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். நான் பேசுவது அந்தப் பத்துப் பேருக்காக.

குறுஞ்செய்தியைத் தமிழில் மாற்ற நான்கு மாதம் ஆனது. மென்பொருள் கொடுத்த நிறுவனத்தில் தமிழ் எழுத்து வராது என்றார்கள், பிறகு வரும், கட்டணம் கூடுதல் என்றார்கள், கடைசியில், "உங்கள் மகன் / மகள் இன்று கல்லூரிக்கு வரவில்லை. விவரம் அறிய வகுப்பு ஆசிரியரை அழையுங்கள்" என்று ஒரு வரியும், கீழே எண்ணும் போகின்றன. இப்போது பெற்றோர் கூப்பிடுகிறார்கள். முதல் வாரம் என் போன் ஓயவில்லை. நடவு வயலிலிருந்தும், கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்தும், பின்னால் கலவை இயந்திரம் ஓடும் சத்தத்தோடு. மூன்று ஆண்டுகளாகப் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு முறையும் வராதவர்கள் அவர்கள். பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லாத பெற்றோர் என்று நாங்கள் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தோம். உதவித்தொகைப் பெயர்களை வகுப்பில் படிப்பதில்லை என்றும் எங்கள் துறையில் முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொருவர் போனுக்கும் தனியாகச் செய்தி போகிறது. மற்றத் துறைகளில் இன்னும் படிக்கிறார்கள். அடுத்த கல்விக் குழுக் கூட்டத்தில் அதைப் பற்றி மறுபடியும் கேட்கப் போகிறேன்.

இன்னொரு வேலை இருக்கிறது, அதற்கு இதைப் படிப்பவர்களின் உதவி வேண்டும். முதலாண்டின் இரண்டாம் பருவத்தில், இறுதியாண்டு அக்கா ஒருவர் என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். இடப் பக்கம் பிளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தின் சொல், வலப் பக்கம் கல்லூரியில் அதற்குச் சொல்லும் சொல். கலப்பெண்ணுக்கு நேரே காம்ப்ளக்ஸ் நம்பர், மின்மாற்றிக்கு நேரே டிரான்ஸ்ஃபார்மர், தன் மின்தூண்டலுக்கு நேரே செல்ஃப் இண்டக்‌ஷன். அவருக்கு முன்னால் யாரோ தொடங்கி, அவர் சேர்த்து, நான் சேர்த்து, எனக்குப் பின் ஒருத்திக்குக் கொடுத்த நோட்டு அது. அதன் நகல் என்னிடம் இருக்கிறது. பாடநூல்கள் 2018 முதல் மாறிவிட்டதால் பல சொற்களைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. கணிதமும் இயற்பியலும் ஏறக்குறைய முடித்துவிட்டேன். வேதியியலில்தான் தடுமாறுகிறேன், கரிம வேதியியலும் மின்வேதியியலும் தமிழ் மீடியத்தில் நடத்திய ஆசிரியர் யாராவது, ஒரு மாலை ஒதுக்கி என்னோடு உட்கார முடியும் என்றால் எழுதுங்கள். முதலாண்டு வகுப்புகள் தொடங்குவதற்குள் அச்சடித்துவிட வேண்டும்.